பன்னிரண்டு பேர் தேறினார்கள்

"பாஸ்வேர்டைத் தூக்கி எவனோ ஒருத்தன் கையில குடுத்திருக்கே. வெட்கமா இல்லை?"

மேனேஜர் கத்தியது கண்ணாடி அறைக்கு வெளியே இருந்த அத்தனை பேருக்கும் கேட்டது. கேட்கட்டும் என்றுதான் கத்தினார்.

எதிரே நின்றவளை அந்தப் பார்சல் கம்பெனியில் எல்லோரும் 'மின்னல்' என்பார்கள். முகவரிகளைக் கணினியில் ஏற்றும் வேலை. ஒன்பது வருடமாக ஒப்பந்தத்தில்தான். பதினோரு மாதத்துக்கு ஒரு முறை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, மறுவாரம் புதிதாகச் சேர்ந்தவள் போலக் கையெழுத்து வாங்கிக்கொள்வார்கள்.

"எவனோ இல்லை சார். நம்ம கம்பெனி பேர்லதான் நேத்து மெயில் வந்துச்சு. நம்ம முத்திரை இருந்துச்சு."

"முத்திரை இருந்தா? நாளைக்கு ஒரு நாய்க்குட்டி கழுத்துல முத்திரையைக் கட்டி அனுப்பினா அதுக்கும் சல்யூட் அடிப்பியா?"

மேனேஜர் விடவில்லை.

"நாலு லட்சம் பேரோட வீட்டு முகவரி உள்ள இருக்கு. யார் வீட்டுக்கு என்ன சாமான் எப்ப வருதுன்னு திருடனுக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்?"

அவள் தலை குனிந்தாள். அது நியாயமான கேள்வி.

பக்கத்து நாற்காலியில் இருந்த கணினிப் பாதுகாப்பு நிபுணர் தொண்டையைச் செருமினார். தலைமை அலுவலகம் அனுப்பி வைத்தவர்.

"பயப்படாதீங்கம்மா. எதுவும் திருடு போகலை. அந்த மெயிலை அனுப்பினதே நான்தான்."

"நீங்களா?"

"பரீட்சைம்மா. முன்னாடியெல்லாம் திருடன் லாட்டரி விழுந்திருக்குன்னு எழுதுவான். இப்ப யாரும் அதை நம்பறதில்லை. அதனால அவனும் மாறிட்டான். இங்க இருக்கிறவங்களுக்கு எது மேல ஏக்கம்னு விசாரிச்சு, அதையே எழுதறான். நானும் விசாரிச்சேன்."

விசாரித்து அவர் எழுதியது இதுதான்: ஐந்து ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றும் ஒப்பந்தப் பணியாளர்கள் அனைவரும் அடுத்த மாதம் முதல் நிரந்தரமாக்கப்படுகிறார்கள், ஆணையைப் பெற, பெயரையும் பாஸ்வேர்டையும் பதியவும். அதிகாரிகளுக்குப் போன மெயிலில் கடைசி வரி மட்டும் வேறு: உங்கள் பிரிவின் பட்டியலுக்கு ஒப்புதல் தர, பாஸ்வேர்டைப் பதியவும்.

"நாப்பத்திமூணு ஒப்பந்தக்காரங்க. நாப்பத்திமூணு பேரும் அவுட். முதல் ஆள் இவங்க. ஐம்பத்திரண்டே செகண்ட்!" நிபுணர் முகத்தில் கணக்குப் பரீட்சையில் நூறு வாங்கிய பூரிப்பு.

"மத்தவங்களைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் காட்டினதும் இவதான்," என்றார் மேனேஜர். "ஆபீஸ் முழுக்க சாக்லேட் வேற குடுத்தா."

"நீங்களும் ரெண்டு எடுத்துக்கிட்டீங்களே சார். வாழ்த்துகள்னு சொன்னீங்களே."

"அது வேற விஷயம்."

"நிரந்தரம்னா மருத்துவ அட்டை வரும்ல சார். மாமியாருக்குக் கண் ஆபரேஷன். தேதி வாங்க வீட்டுக்காரரும் அவங்களும் காலையிலேயே ஆஸ்பத்திரிக்குப் போயிட்டாங்க. இப்ப நான் என்னன்னு ஃபோன் பண்றது?"

"குடும்பக் கதையெல்லாம் வேணாம். அதிகாரிங்க பன்னிரண்டு பேருக்கும் இதே மெயில்தான் வந்துச்சு. ஒருத்தராவது தொட்டாங்களா? அதுக்குப் பேர்தான் விழிப்பு. மூளைன்னு ஒண்ணு வேணும்."

பொய்யில்லை. பன்னிரண்டு பேரும் தேறியிருந்தார்கள். சாயங்காலம் அவர்களுக்குப் பாராட்டுப் பத்திரம். அவளுக்கு இப்போதே, ஒப்பந்தம் ரத்து என்கிற கடிதம். மற்ற நாற்பத்திரண்டு பேரையும் பயமுறுத்த ஒரு தலை வேண்டுமல்லவா? முதலில் நீட்டிய தலை அவளுடையது.

கையெழுத்துப் போட்டாள். "போகலாமா சார்?"

"ஒரு நிமிஷம்மா." நிபுணர் ஒரு தாள்கட்டை நீட்டினார். தேறியவர்கள் தங்கள் கைப்பட நிரப்பிய படிவங்கள். கேள்வி ஒன்றே ஒன்று: அந்த மெயில் போலி என்று எதை வைத்துக் கண்டுபிடித்தீர்கள்? பதில்களைப் புத்தகமாக அச்சடித்து எல்லாக் கிளைகளுக்கும் பாடமாக அனுப்பப் போகிறார்களாம்.

"அனுப்பினவர் முகவரியில ஒரு எழுத்தை மாத்தியிருந்தேன். இன்னொரு இடத்துல ஒரு புள்ளி அதிகம். எத்தனை பேர் அதைப் பிடிச்சாங்கன்னு பார்க்கணும். நானே இன்னும் படிக்கலை."

"போறதுக்கு முன்னாடி இதை அடிச்சுக் குடுத்துட்டுப் போ," என்றார் மேனேஜர். "உன் வேகத்துக்கு இங்க வேற ஆள் கிடையாது."

மூளை இல்லாதவளின் விரல்கள் மட்டும் இன்னும் தேவைப்பட்டன.

தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்து முதல் தாளைப் படித்தாள். அடுத்ததைப் படித்தாள். பிறகு வேகவேகமாக மற்றதையெல்லாம் புரட்டினாள். ஒரு எழுத்துகூட அடிக்காமல் எழுந்து திரும்பி வந்தாள்.

"சார், எழுத்து, புள்ளியெல்லாம் யாரும் எழுதலை. பன்னிரண்டு பேருக்கும் ஒரே பதில்தான். பன்னிரண்டு தடவை அடிக்கணுமா, ஒரு தடவை போதுமா?"

"அப்படி என்ன பதில்?" நிபுணர் ஆவலாக நாற்காலி நுனிக்கு வந்தார்.

அவள் மேனேஜரின் தாளையே எடுத்து, நிறுத்தி நிதானமாகப் படித்தாள்:

"'நம் நிறுவனம் யாரையும் நிரந்தரமாக்காது. அதனால் பார்த்தவுடனே பொய் என்று தெரிந்துவிட்டது.'"