சனி, ஞாயிறு வகுப்பு

“தூங்கணும்னா வீட்டுக்குப் போ. வார்டு எதுக்கு?”

ஹெட் சிஸ்டரின் குரலில் நர்ஸ் பதறி எழுந்தாள். பட்டப்பகல் மூன்று மணி. கேஸ் ஷீட் மேலேயே தலை சாய்ந்திருந்தது.

“ஆறு நாளா ரெட்டை டியூட்டி மேடம்... என்னையறியாம கண்ணசந்துட்டேன்.”

“டியூட்டி போட்டதே நான்தான். எனக்கே கணக்கு சொல்றியா?”

நின்ற இடத்திலேயே, எல்லார் கண்ணெதிரிலும், புகார்ப் படிவத்தை எடுத்து மளமளவென்று எழுதி ஆபீசுக்கு அனுப்பிவிட்டார் அந்த அம்மாள்.

“நெஞ்சுல ஈரமே கிடையாது இதுக்கு” என்று முணுமுணுத்தாள், பக்கத்து மேஜைத் தோழி. “போன வாரமே உன்னை எப்படி விரட்டுச்சு!”

உண்மைதான். டிப்ளமோ படித்த நர்சுக்குப் பட்டம் வாங்க ஆசை. வழி இரண்டு. முழுநேரம் என்றால் இரண்டே வருஷம், ஆனால் வேலையை விட வேண்டும். சனி, ஞாயிறு வகுப்பு என்றால் மூன்று வருஷம், வேலையில் இருந்துகொண்டே படிக்கலாம். புருஷன் லாரி ஓட்டுகிறவன். வீட்டில் இருக்கும் நாளை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஐந்து வயது மகள், இவள் வரும்வரை பக்கத்து வீட்டில்.

யோசித்து யோசித்து, சனி, ஞாயிறு வகுப்பையே முடிவு செய்து, அந்த நாட்களில் லீவு கேட்டு ஹெட் சிஸ்டரிடம் போனாள்.

“உன்னை அனுப்பிட்டு வார்டை யார் பாக்கறது? உன் பொண்ணா?”

அத்தோடு முடிந்தது பேச்சு. இப்போது புகார் வேறு.

சாயங்காலம் மகள் கேட்டாள். “அம்மா, நீ எந்தக் காலேஜ்ல சேரப்போறே?”

“எதுலயும் இல்லடி.”

“ஏன், ஃபெயிலாயிட்டியா?”

“சேர்றதுக்கு முன்னாடியே.”

வாங்கி வைத்திருந்த இரண்டு காலேஜ் விண்ணப்பங்களையும் மகளிடமே கொடுத்தாள், பின்பக்கம் படம் வரைய.

மறுநாள் ஆபீசில் கூப்பிட்டார்கள். நிர்வாக அதிகாரி உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை.

“தப்புதான் சார். சின்னக் குழந்தை இருக்கு. இந்த ஒரு தடவை...”

“தப்புக்கு மெமோ அடிச்சாச்சும்மா. இன்னிக்கே போகுது.”

“குடுங்க சார்.” கையை நீட்டினாள்.

“உங்களுக்கு இல்ல.” அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். “அடுத்த மாசம் உங்க வார்டுக்கு இன்னொரு நர்ஸ் வர்றாங்க. உங்களுக்கு சனி, ஞாயிறு டியூட்டி கிடையாது.”

“தூங்கினதுக்கா சார்?”

“நாலு தடவை உங்க ஹெட் சிஸ்டர் ஆள் கேட்டு எழுதினாங்க. கடைசித் தடவை, உங்க படிப்புக்கு சனி, ஞாயிறையும் விடச் சொன்னாங்க. பாக்கலாம், பாக்கலாம்னு தள்ளிட்டோம். இதைத் தள்ள முடியல. நீங்களே படிங்க.”

படிவத்தை வாங்கினாள்.

‘தொடர்ந்து ஆறு நாள் இரட்டைப் பணி. செவிலியர் களைப்பில் கண்ணயர்ந்தார். நோயாளிகளின் உயிருக்கு ஆபத்து. இப்படிப் பணி ஒதுக்கியவர் மீது நடவடிக்கை தேவை.’

கீழே, புகார் கொடுப்பவர், தவறு செய்தவர் என்ற இரண்டு இடத்திலும், அதே அழுத்தமான கையெழுத்தில் இருந்தது ஹெட் சிஸ்டரின் பெயர்.