மாறாத சிவப்பு

பெட்டியைக்கூட வீட்டில் வைக்கவில்லை. செருப்புக் காலோடு போய்ப் பக்கத்து வீட்டு ஜானகிராமனின் ஹாலில் நின்றார் புருஷோத்தமன்.

"எங்கய்யா என் மீனு?"

பத்து மாதம் பாரிஸில் மகள் வீட்டில் இருந்துவிட்டு, அப்போதுதான் புதுச்சேரி சாரத்தில் ஆட்டோவை விட்டு இறங்கியிருந்தார். இறங்கியதுமே எதிர்வீட்டுச் சந்திரகலா விஷயத்தைப் போட்டு உடைத்துவிட்டாள். "சொல்லக் கூடாதுன்னுதான் இருந்தேண்ணா. உங்க மீனை அந்த ஆளு வாளியில தூக்கிட்டுப் போறதை என் கண்ணால பாத்தேன்." அவள் சொல்லக் கூடாது என்று நினைத்த எதுவும் அந்தத் தெருவில் யாருக்கும் தெரியாமல் போனதில்லை.

"உன்னை நம்பி வீட்டுச் சாவியைக் குடுத்துட்டுப் போனேன் பாரு, என்னைச் சொல்லணும்! எத்தினி வருஷப் பழக்கம்யா!" புருஷோத்தமன் கத்தினார்.

ஜானகிராமன் அசரவில்லை. "வாளியில போனது தண்ணிண்ணா. கடல் மீனுக்கு உப்புத் தண்ணி மாத்த வேணாமா? தோ என் தொட்டி. உங்க மீனு இருந்தா எடுத்துக்குங்க."

பவளப் பாறைகளுக்கு நடுவே ஒரே ஒரு மீன் உலாவியது. உள்ளங்கை நீளம், நீல உடம்பு, மஞ்சள் வால். அழகென்றால் அப்படி ஓர் அழகு.

"இது எப்ப வாங்கின?"

"நீங்க ஊருக்குப் போனப்புறம் வந்துதுண்ணா."

புருஷோத்தமனுடையது ராஸ் என்கிற கடல் மீன். சிவப்பு உடம்பு, முதுகில் வெள்ளைத் திட்டு. பெயரைத் தவிர வேறெதுவும் தெரியாமல், பிரான்ஸ் புறப்படுகிற வாரம் பெருமைக்கு வாங்கியது.

சாவியைப் பிடுங்கிக்கொண்டு தன் வீட்டுக்கு ஓடினார். தொட்டிக்குள் சிவப்பு மீன் சமர்த்தாக நீந்திக்கொண்டிருந்தது. விட்டுப்போன அதே விரல் நீளம், அதே பளபளப்பு. ஆளைக் கண்டதும் சரக்கென்று மணலுக்குள் புதைந்துகொண்டது.

கூனிக் குறுகிப்போனார் மனிதர். திரும்ப வந்து ஜானகிராமன் கையைப் பிடித்துக்கொண்டு, மருமகன் தந்த சென்ட் பாட்டிலையும் வீட்டுச் சாவியையும் அதில் வைத்து அழுத்தினார். "இனிமே இது உங்கிட்டயே இருக்கட்டும்யா." வெளியே வந்தவர், "நல்லா இருக்கறவங்களப் பிரிக்கறதுதான் உனக்கு வேலையா?" என்று தெருவே கேட்கச் சந்திரகலாவை விளாசினார். பாவம், அவளும் வாயை மூடிக்கொண்டாள். அதிசயந்தான்.

சாயங்காலம் தீனி வாங்க முத்தியால்பேட்டையில் செல்வகுமாரின் வளர்ப்பு மீன் கடைக்குப் போனவர், அங்கும் ஜானகிராமன் புகழைத்தான் பாடினார்.

"பத்து மாசம்பா! உங்கிட்ட வாங்கின செவப்பு ராஸு, கொஞ்சங்கூட மாறாம அப்படியே இருக்கு. என்னா கவனிப்பு!"

பாக்கெட்டை எடுத்த செல்வகுமாரின் கை பாதியில் நின்றது.

"சார், அது குட்டியில மட்டுந்தான் செவப்பு. வளந்தா உடம்பு நீலம், வாலு மஞ்சா."