மடியில் இருந்த குழந்தை

திரையில் அம்மாவின் முகம் வந்தபோது எழில் பென்சில் சீவிக்கொண்டிருந்தாள். பீளமேட்டில் வாரம் இருமுறை நடக்கும் மாலை நேர ஓவிய வகுப்பு அது.

"இருநூறு வருசத்துக்கு முந்தின ஓவியம். இத்தாலி நாட்டுக் குடியானவப் பொண்ணு" என்றார் பிரான்சிஸ் சார். "அந்தக் காலத்துல ஓவியருங்க இந்த மாதிரிப் பொண்ணுங்களைத் தேடிப் போய் வரைஞ்சாங்க. துணி மடிப்பைக் கவனிங்க."

எழில் முகத்தை மட்டுமே பார்த்தாள். அதே வெள்ளைத் தலைத்துணி, அதே காது வளையம். ஒன்றரை வயதில் அம்மாவை இழந்தவள் அவள். போத்தனூர் வீட்டுச் சுவரில் பொட்டும் மாலையுமாக இருக்கும் அந்த முகத்துக்குத்தான், கை எட்டிய நாளிலிருந்து விளக்கேற்றி வருகிறாள். போட்டோவைப் பார்த்து யாரோ வரைந்து கொடுத்தது என்று அப்பா சொல்லியிருந்தார்.

வீட்டுப் படம் கழுத்தோடு நின்றுவிடும். இங்கே அதற்குக் கீழேயும் இருந்தது. கோதுமைக் கதிர்க்கட்டின் மீது சாய்ந்த உடம்பு, மடியில் தூங்கும் கைக்குழந்தை.

"என்ன அம்மணி, இப்பவே கல்யாணக் கனவா?" பக்கத்திலிருந்த ஷ்ரவ்யா முழங்கையால் இடித்தாள்.

எழிலுக்கு அழுகைகூட வரவில்லை. பையில் அவளுடைய கல்யாணப் பத்திரிகையின் மாதிரிப் படி இருந்தது. வேலை பார்க்கும் அச்சகத்தில் அவளே வடிவமைத்தது. காலையில் அச்சேற வேண்டும். உச்சியில் அந்த முகம், அதன் கீழே அம்மாவின் பெயரில் 'தெய்வத்திரு மாரியாத்தாள் ஆசியுடன்'. 'தெய்வத்திரு'வை மட்டும் அப்பா பேனாவால் அடித்திருந்தார். மனசு கேட்கவில்லை போலும் என்று நினைத்திருந்தாள்.

வீட்டில் அப்பா சுப்பையன் தோசை ஊற்றிக்கொண்டிருந்தார்.

"வா கண்ணு. சூடா ரெண்டு தின்னு."

அவள் கைபேசியில் எடுத்து வந்த படத்தை நீட்டினாள். "அப்போ அது அம்மா இல்லீங்களாப்பா?"

கரண்டி நின்றது. "காலண்டர்ல வந்த படம். அவ சாடை இருந்துச்சு, வெட்டி மாட்டிப்போட்டேன். அம்மா எங்க, அம்மா எங்கன்னு நீ அழுதுட்டே இருந்தே சாமி."

"நெசப் போட்டோ?"

"அடுப்புல போட்டுட்டேன்."

துக்கம் தாங்காமல் செய்திருப்பார். தோசை கருகியது. எழில் அடுப்பை அணைத்தாள்.

"சேரி உடுங்க. காலையில பத்திரிகையில இருந்து படத்த எடுத்துடறேன்." பிறகுதான் கேட்கத் தோன்றியது. "ஏனுங்கப்பா, மடியில இருந்த கொழந்தைய எதுக்கு வெட்டுனீங்க?"

அப்பா சுவரைப் பார்த்தார்.

"இன்னைக்கும் தாராபுரத்துல இருக்கறவ, நம்மள உட்டுட்டுப் போறப்ப உன்னையத் தூக்கிக்கலியே, கண்ணு."