ஓர் அரிசி தூரம்

மூன்றாவது சனிக்கிழமையாக பக்கிரிசாமி அதே இரண்டு சைக்கிள்களையும் மாற்றி மாற்றித் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆளைப் பார்த்தே சைக்கிள் சொல்லிவிடுவான் குகன். தீவு நகரமான ஜார்ஜ்டவுனில் பதினோரு வருடமாகக் கடை வைத்திருப்பவன். படியேறி உள்ளே வருவதற்குள் இன்னாருக்கு இன்ன சைக்கிள் என்று மனதுக்குள் முடிவு கட்டிவிடுவான். இவரிடம் மட்டும் அந்த வித்தை பலிக்கவில்லை.

ஐம்பதைத் தாண்டிய ஒல்லியான மனிதர். பெல்ட்டின் நுனி இடுப்பில் பாதிச் சுற்று கூடுதலாக ஓடியது. பட்டர்வொர்த்தில் ஃபெர்ரியை விட்டு இறங்கி, பாலிங் வழியாக எல்லை தாண்டி, தாய்லாந்தில் இருக்கிற பெத்தோங் வரை மிதித்தே போக வேண்டுமாம். பாதித் தூரம் ரப்பர் தோட்டத்து மண்பாதை. அதனால்தான் முன்னாலும் பின்னாலும் அமுங்கிக் குலுக்கலை வாங்கிக்கொள்ளும் சைக்கிள் கேட்டு வந்திருந்தார்.

ஒன்று நூற்றைம்பது மில்லிமீட்டர் அமுங்கும். கனம். உட்கார்ந்தால் மெத்தைதான்.

இன்னொன்று நூற்றிருபது. இலேசு, ஆனால் கொஞ்சம் முரடு.

குகன் படித்துப் படித்துச் சொல்லிவிட்டான். மெத்தையில் தூங்கலாம், மலை ஏற முடியாது. மிதிக்கிற மிதியில் பாதியை அதுவே தின்றுவிடும். நாள் முழுக்க ஓட்டுகிறவருக்கு நூற்றிருபதே போதும்.

அவர் தலையாட்டுவார். மறுபடி மெத்தையில் போய் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வார்.

டயர் அடுக்குக்குப் பக்கத்தில், பிளாஸ்டிக் நாற்காலியில் அவர் மனைவி தனலெட்சுமி. மடியில் கைப்பை. அதை யாரோ பிடுங்கிக்கொண்டு ஓடப்போவது மாதிரி இறுக்கிப் பிடித்திருந்தாள். முகத்தில் கடுகு போட்டால் பொரியும். மூன்று வாரமாக வாயே திறக்கவில்லை.

இப்படிப்பட்ட மனைவிமார்களையும் குகன் நிறையப் பார்த்திருக்கிறான். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டார். வெளியே போய் ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஆள் அதற்குப் பிறகு கடைப்பக்கமே வரமாட்டார்.

ஆனால் இந்த அம்மாதான் ஒவ்வொரு வாரமும் காரை ஓட்டிக்கொண்டு வருகிறாள். அது ஏன் என்பதுதான் குகனின் மண்டையைக் குடைந்தது.

முன்பு போய்வந்த படம் என்று பக்கிரிசாமி போனை நீட்டினார். பெத்தோங் மணிக்கூண்டின் அடியில் ஆறு பேர், சைக்கிள்களோடு. குகன் ஆறு முகங்களையும் விரலால் பெரிதாக்கிப் பார்த்தான்.

"இதுல நீங்க யாருண்ணே?"

நடுவில் தொப்பையோடு நின்ற பருத்த மனிதர் மேல் அவர் விரலை வைத்தார்.

கேட்டிருக்கவே கூடாது என்று குகனுக்கு நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றியது. போன வருடம் ஐந்து மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்ததை அவரே சொன்னார். யாருடைய கதையையோ சொல்வதுபோல் சொன்னார். இப்போது சின்னக் குழியில் இறங்கினாலும் எலும்புக்குள் வலிக்கிறதாம். ஓட்டலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். முடியுமா என்பதுதான் தெரியவில்லை. ஜூலையில் மற்ற ஐந்து பேரும் கிளம்புகிறார்கள்.

சொல்லி முடித்ததும் மெத்தையிலிருந்து எழுந்தார். நூற்றிருபதின் ஹேண்டிலில் கை வைத்தார். இதுதான் என்றார்.

குகன் கைப்பம்பை எடுத்தான். குலுக்கலைத் தாங்கும் குழாயில் இருப்பது வெறும் காற்று. ஓட்டுகிறவரின் எடைக்குத் தகுந்தபடி அதை அடிக்க வேண்டும். குழாய்க்குள் போய்வரும் வழவழப்பான தண்டில் ஒரு ரப்பர் வளையம் உண்டு. ஆள் ஏறி உட்கார்ந்து இறங்கினால், எவ்வளவு அமுங்கியது என்பதை அது காட்டிக்கொடுத்துவிடும்.

"வெயிட் எவ்ளோண்ணே?"

"அம்பத்திமூணு." பக்கிரிசாமி தரையைப் பார்த்துச் சொன்னார்.

"எழுபத்தொண்ணு போடு தம்பி."

குரல் நாற்காலியிலிருந்து வந்தது.

அந்தப் பழைய எடைக்கு அடித்தால் சைக்கிள் கல் மாதிரி இருக்கும், அண்ணனுக்குத்தான் வலிக்கும் என்று குகன் பதமாக எடுத்துச் சொன்னான்.

"தெரியும்லா. அம்பத்திமூணுக்கு அடிச்சா, அவரு அம்பத்திமூணுலயே நின்னுடுவாரு."

பக்கிரிசாமி மனைவியைப் பார்த்தார். பிறகு, அடி என்று குகனுக்குக் கண்ணைக் காட்டினார்.

எழுபத்தொன்றுக்கே அடித்தான். அவர் ஏறி உட்கார்ந்து இறங்கினார். வளையம் கொஞ்சம் நகர்ந்து, பாதி வழியில் களைத்தவர் மாதிரி நின்றுவிட்டது.

தனலெட்சுமி எழுந்து வந்து குனிந்தாள். எழுபத்தொன்று என்றால் எதுவரை வரவேண்டும் என்று கேட்டாள். குகன் தண்டில் நகத்தை வைத்துக் காட்டினான்.

அவள் கைப்பையைத் திறந்தாள். பணம் எடுக்கிறாள் என்றுதான் அவன் நினைத்தான். வந்ததோ மடித்த காகிதப் பொட்டலம். தண்ணீர்மலைக் கோயில் குங்குமம். மடிப்புகள் நைந்து கிடந்தன. மூன்று வாரமும் அந்தப் பைக்குள்தான் இருந்திருக்கிறது.

புது வண்டிக்குப் பொட்டு வைக்கிறவர்கள் ஹேண்டிலில் வைப்பார்கள். அவள் குகனின் நகம் இருந்த இடத்தில் வைத்தாள்.

அந்தத் தண்டில் ஒரு தூசு ஒட்டியிருந்தாலும் குழாய் கெட்டுவிடும் என்று, வந்தவர் யாராக இருந்தாலும் குகன் வாங்கு வாங்கென்று வாங்கிவிடுவான். துடைக்கிற துணி அவன் கையில்தான் இருந்தது.

துணியைத் தோளில் போட்டுக்கொண்டு அவனும் குனிந்து பார்த்தான்.

வளையத்துக்கும் பொட்டுக்கும் நடுவே, ஓர் அரிசி கிடக்கிற அளவுக்குத்தான் இடம் இருந்தது.