கறை படாத கெண்டி

தேயிலைக் கண்காட்சியில் ஒரு கடை. அதன் மேசைமேல் பூப்போட்ட பீங்கான் கெண்டி ஒன்று இருந்தது. பக்கத்துக் கிண்ணத்தில் முகர்ந்து பார்க்கத் தேயிலை. வந்தவர்கள் எல்லோரும் குனிந்து முகர்ந்து, "ஆகா!" என்று போனார்களே தவிர, ஒருவரும் குடிக்கவில்லை.

"இன்றைக்கு வெந்நீரில் குதிக்காமல் விடமாட்டேன்," என்றது சுருண்ட இலையொன்று.

கெண்டி முகம் சுளித்தது. "என் பக்கம் மட்டும் வந்துவிடாதே. எத்தனை கண்காட்சி பார்த்தவன் நான்! உள்ளே ஒரு கறை உண்டா?"

கடைக்காரி தமயந்தி கிண்ணத்தைக் கிளறிக் காட்டியபோது இலை அவள் விரலில் ஒட்டிக்கொண்டது. அவள் கையை உதறினாள். இலை பிடியை விடவில்லை. தொண்டை கட்டிப்போய், குடிப்பதற்குக் காகிதக் கோப்பையில் அவள் வெந்நீர் பிடித்தபோதுதான் விட்டுக் குதித்தது.

ஒரு வாய் குடித்தவள் நிமிர்ந்தாள். "அட, நம்ம சரக்கா இது? இவ்ளோ நாளா விக்கிறேன், குடிச்சே பாக்கலையே!"

உடனே ஒரு பிடி இலையைக் கெண்டியில் போட்டு வெந்நீர் ஊற்றினாள். வந்தவருக்குக் கொடுக்கச் சாய்த்தாள். ஒரு சொட்டுகூட விழவில்லை.

கெண்டியின் மூக்கில் துளையே இல்லை. அது கெண்டிக்கே அப்போதுதான் தெரிந்தது.