உதட்டு வெள்ளை

பீங்கான் பட்டறையில் எல்லோருடைய முகமும் மண்தூசி படிந்து வெள்ளையாகத்தான் இருக்கிறது. தகரக்கூரை கொதிக்கிறது. ஏழு மாத வயிற்றோடு சண்முகப்ரியா, சுடாத அகல்களின் விளிம்பை ஈரப் பஞ்சால் துடைத்துக்கொண்டிருக்கிறாள். ரத்தம் ரொம்பக் கம்மி, வேலைக்குப் போகாதே என்று நர்ஸ் சொன்னதை அவள் இங்கே யாரிடமும் சொல்லவில்லை. திடீரென்று கையிலிருந்த அகல் தவறி உடைகிறது. அவள் சுவரில் சாய்கிறாள். "மயக்கமா வருதா? பெண்ணாடம் பஸ்ஸ புடிச்சு வூட்டுக்குப் போயிடு" என்கிறாள், பக்கத்தில் வேலை செய்யும் வீரம்மாள். "போனா நாளைக்கு இங்க வேற ஆள உக்கார வச்சிடுவாங்கக்கா." வீரம்மாள் பஞ்சைப் பிழிந்து அவள் முகத்தைத் துடைத்துவிடுகிறாள். நெற்றியும் கன்னமும் கறுப்பாகத் தெளிகின்றன. உதட்டில் இருக்கும் வெள்ளை மட்டும் போகவில்லை. பஞ்சை அலசி, இன்னொருமுறை அழுத்தித் துடைக்கிறாள். பஞ்சில் மண் ஒட்டவில்லை.