மாப்பிள்ளையின் இரத்தம்

“பெத்த தாயின்ர இரத்தம் பிள்ளைக்கு ஆகாதோ? இதென்ன கதை, டொக்டர்?”

அருளம்மா நீட்டிய கையை மடக்கவில்லை. மன்னார் ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவளுடைய ஒரே மகள் மாக்கிறட், ஒட்சிசன் மாஸ்க்குக்குள் மூச்சுக்கு அல்லாடிக்கொண்டிருந்தாள்.

டொக்டர் பாயிஸ் இளம் ஆள். முந்தின நாளிலிருந்து வீட்டுப் பக்கம் போகாதவர். அலுப்புக் காட்டாமல்தான் சொன்னார்.

“அம்மா, பிள்ளையின்ர இரத்தச் செல்லுகள் அரிவாள் மாதிரி வளைஞ்சு நுரையீரலில அடைச்சுப்போட்டுது. அதுக்குள்ளால தள்ளித் தள்ளி இதயமும் களைச்சுப்போச்சு. அந்தக் குறை உங்களிட்டயும் பாதி கிடக்கு, தகப்பனிட்டயும் பாதி இருந்திருக்கு; இரண்டு பாதியும் சேர்ந்தாத்தான் பிள்ளைக்கு நோய். உங்களை அது ஒண்டும் செய்யாது, ஆனா உங்கட இரத்தம் அவவுக்கு உதவாது. பிறத்தி ஆக்களின்ர நல்ல இரத்தம் வேணும். இருக்கிறதை எடுத்து எடுத்து, அதை ஏத்தவேணும்.”

“இரத்தம் குறைஞ்ச பிள்ளையிட்டயே எடுக்கிறதோ?”

“நீங்கள் றால் வளக்கிற தொட்டியில பழைய தண்ணியைத் திறந்துவிட்டுத்தானே புதுத் தண்ணி விடுறியள்? அப்பிடித்தான். இரத்த வங்கியில இருக்கிறது காணாது. அதே குறூப் ஆக்கள் உடன வேணும். வேற ஊருக்கு அனுப்பலாம், ஆனா இந்த மூச்சோட பிள்ளை வழி தாங்கமாட்டா.”

அருளம்மாவின் முகம் தெளிந்தது.

“மாப்பிள்ளை இருக்கிறார், டொக்டர். அதே குறூப்தான்.”

மாப்பிள்ளை வின்சன்ட் அதற்குள் சேர்ட் கையை மடித்துவிட்டான். கோயிலில் இரண்டு ஞாயிறு கலியாண ஓலை வாசித்தாகிவிட்டது. மூன்றாவதும் வாசித்தால் கலியாணம். சேதி கேட்டதும் தாய் பிரான்சிஸ்காவை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு விடத்தல்தீவிலிருந்து பறந்து வந்திருந்தான். கோயில் இரத்ததானத்தில் தவறாமல் இரத்தம் கொடுக்கிற பிள்ளை.

ஒன்றுதான் இடறியது. மகளுக்கு இரத்தச்சோகை, குளிசை குடித்தால் மாறிவிடும் என்றுதான் சம்பந்திக்கு அருளம்மா சொல்லிவைத்திருந்தாள். இப்போது டொக்டர் சொன்ன அத்தனையையும் பிரான்சிஸ்கா கேட்டுக்கொண்டு நின்றாள்.

பிரான்சிஸ்கா கட்டிலடிக்குப் போய் மாக்கிறட்டின் நெற்றியைத் தடவினாள். ஒரு தலையணையை எடுத்து அவளுடைய நெஞ்சோடு வைத்தாள்.

“குத்துமெண்டு பயந்து சின்னச் சின்ன மூச்சா விடாதை, பிள்ளை. இதை இறுக்கி அணைச்சுக்கொண்டு ஆழமா இழு. ஓம், அப்பிடித்தான்.”

பிறகு மகனிடம் திரும்பினாள்.

“கையை இறக்கு. நீ குடுக்கக்கூடாது.”

“என்னம்மா சொல்லுறியள்?”

“சொன்னதைச் செய். வெளியில வா.”

அருளம்மா குறுக்கே போய் நின்றாள். “மறைச்சது பிழைதான், சம்மந்தி. அந்தோனியாராணை, பிழைதான். கலியாணம் வேண்டாமெண்டா விடுங்கோ. இரத்தத்தை மட்டும் தரச்சொல்லுங்கோ. உயிரல்லோ போகுது.”

“கலியாணம் நடவாது. ஓலையை நிப்பாட்டச் சொல்லி சுவாமியிட்டச் சொல்லுறன். இரத்தமும் ஏலாது.”

சொல்லிவிட்டு மகனின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டாள். அடுத்த கட்டில்காரிகள் சும்மா விடவில்லை. இப்படியும் ஒரு கல்நெஞ்சுக்காரி உண்டா என்றார்கள். அருளம்மா அதற்கு மேலும் சொன்னாள். அதை இங்கே எழுதுவது மரியாதை இல்லை.

ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, வாசலில் நின்ற மன்னார்க் கழுதைகளை விலக்கிக்கொண்டு ஒரு வான் வந்து நின்றது. சாரத்தில் மீன் செதில் ஒட்டியபடியே நாலைந்து பேர் இறங்கினார்கள். முன்னால் வந்தவன் விடத்தல்தீவு மீனவன் சந்தியோகு.

“மாக்கிறட்டின்ர தாய் ஆர்? பிரான்சிஸ்கா அக்கா போன் எடுத்தவ. வலையை விட்டிட்டு ஓடுங்கோ எண்டா. கோயில் இரத்ததானத்தில குடுக்கிற ஆக்கள், எல்லாரும் அதே குறூப்தான். எங்க படுக்கிறது?”

அருளம்மாவுக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. புரிந்துகொள்ள அப்போது நேரமும் இல்லை.

அந்த இரத்தம் பரிசோதனை முடிந்து வந்ததும் டொக்டர் பாயிஸ் தொடங்கினார். தாதி றம்லா அளந்து எடுத்தாள். அவர் அளந்து ஏற்றினார். எடுத்ததையும் ஏற்றியதையும் ஒன்றுக்கு இரண்டு தரம் சரிபார்த்தார்கள். நடுவில் மாக்கிறட்டின் இதயம் தடுமாறியபோது, மூன்றாம் ஆளின் காதில் விழாத குரலில் இருவரும் பேசிப் பேசியே அதை வழிக்குக் கொண்டுவந்தார்கள். வாங்கிவைத்த சோற்றுப் பார்சல் மேசையிலேயே கிடந்து ஊசிப்போயிற்று. எந்தத் தாய் பெற்ற பிள்ளைகளோ என்று அருளம்மா கையெடுத்துக் கும்பிட்டாள்.

காலையில் மாக்கிறட் மாஸ்க்கைத் தள்ளிவிட்டு, “அம்மா, பசிக்குது” என்றாள்.

தேத்தண்ணி வாங்க வெளியே வந்த அருளம்மா அப்படியே நின்றாள். வாசல் வாங்குப் பலகையில் பிரான்சிஸ்கா உட்கார்ந்திருந்தாள். நேற்று உடுத்த அதே சீலை. வீட்டுக்குப் போகவே இல்லை. கொஞ்சம் தள்ளி வின்சன்ட் தலையைக் குனிந்துகொண்டு நின்றான்.

“பிள்ளை எப்பிடி?”

“தப்பிட்டாள்.” அருளம்மா கிட்டப் போனாள். “நீங்கள் அனுப்பின ஆக்களாலதான். ஆனா ஒண்டு கேக்கிறன், சம்மந்தி. நோயாளிப் பிள்ளை வேண்டாமெண்டீங்கள், சரி. ஊரையே இரத்தம் குடுக்க அனுப்பின நீங்கள், பெத்த மகனை மட்டும் ஏன் இழுத்துக்கொண்டு போனீங்கள்?”

பிரான்சிஸ்கா சீலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள்.

“என்ர மூத்தவள் சின்னனில காய்ச்சலில போனவள் எண்டு ஊருக்குச் சொன்னது பொய், அருளம்மா, அவளும் இப்பிடித்தான் தலையணையை அணைச்சுக்கொண்டு மூச்சுக்கு அந்தரப்பட்டுப் போனவள். அந்தக் குறை பாதி வின்சன்ட்டின்ர இரத்தத்திலயும் கிடக்கு. அதை அவனுக்கே நேற்று இந்த வாசல்ல வைச்சுத்தான் சொன்னனான்.”